ரெம்பிராண்ட் நகல்: ஆறு பேரின் கறுப்பு உடையும் ஒன்றாகிவிட்டது

பாறசாலை ஜவுளி:
வணக்கம். பாறசாலையில் துணிக்கடை வைத்திருக்கிறேன், வயது 54. எண்ணெய் வண்ணம் தொட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. ஆம்ஸ்டர்டாமில் சாயத் துணியின் தரம் பார்த்தவர்களை டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1662இல் வரைந்த ஓவியத்தை நகலெடுத்துப் பழகுகிறேன். மேசையைச் சுற்றி ஐந்து பேர், பின்னால் தொப்பி இல்லாமல் ஒரு பணியாள். பாலராமபுரத்திலிருந்து நேரியது என்கிற மேல்துணி வந்தால் என் அப்பா அதை வாசல் வெளிச்சத்தில் விரித்து விரலால் நீவிப் பார்ப்பார். அப்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும். அதனால்தான் இந்தப் படத்தை எடுத்தேன்.

அசல் 191.5க்கு 279 செ.மீ. நான் 24க்கு 35 அங்குல கேன்வாஸில் கட்டம் போட்டு வரைந்தேன். ஒரு முகத்துக்கு ஒரு வாரம் என ஆறையும் முடித்துவிட்டு, உடைகளுக்கு ஐவரி பிளாக் என்ற டியூப் கறுப்பு பூசினேன். இப்போது ஆறு பேருக்கும் ஒரே போர்வையைப் போர்த்தி, மேலே தலைகளை ஒட்டவைத்தது போல இருக்கிறது. மெல்லிசாகப் பூசிய இடம் வெளிறிக் கிடக்கிறது. தடிமனான இடம், எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை வேறு, பன்னிரண்டு நாளாகியும் விரலில் ஒட்டுகிறது. என்ன செய்யலாம்?

நாகர்கோவில் தூரிகை:
ஐவரி பிளாக் எண்ணெயை நிறையக் குடிக்கும், காய நாளாகும். அடியில் அதைப் பூசக் கூடாது. பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை டர்பென்டைனில் கரைத்து அடிப்பூச்சு போட்டிருந்தால் சீக்கிரம் காய்ந்திருக்கும். அதில் உள்ள மாங்கனீசு காய்வதை விரைவுபடுத்தும். ஒட்டுகிற இடத்தை இப்போதே தட்டுக்கத்தியால் சுரண்டிவிடுங்கள். வெளிறிய இடம் நன்றாகக் காய்ந்ததும், லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயை மிக மெல்லிசாகத் தடவி, துணியால் துடைத்தெடுங்கள். கறுப்பு திரும்பி வரும்.

செங்கோட்டை டீச்சர்:
அண்ணாச்சி, கடையில் நாலு கறுப்புத் துணி கிடந்தால், எதில் நீலம் ஓடுகிறது, எதில் செம்மை ஓடுகிறது என்று வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துச் சொல்லிவிடுவீர்கள். அந்தக் கண்ணோடு படத்தைப் பாருங்கள். டியூப் கறுப்பை ஒதுக்கிவையுங்கள். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்தாலே கறுப்பு வரும். நீலம் கூடினால் குளிர்ந்த கறுப்பு, அம்பர் கூடினால் சூடான கறுப்பு. ஆளுக்கு ஆள் மாற்றுங்கள்.

முகங்களை ஒவ்வொன்றாக முடித்ததுதான் பெரிய பிழை. படத்தில் வெளிச்சம் ஒன்றே, இடப்பக்கமிருந்து வருகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் வெள்ளைக் கழுத்துப்பட்டிகளும் முகங்களும் மேசை விரிப்பின் சிவப்பும்தான் முதலில் தெரியும். எல்லாத் தோள்களும் கத்தரித்தாற்போல இருக்க வேண்டாம். சில பின்னிருளில் கரையட்டும். சுரண்டப் பயப்படாதீர்கள். ரெம்பிராண்டே அந்தப் பணியாளைப் பலமுறை இடம் மாற்றியிருக்கிறார், எக்ஸ்ரேயில் தெரிகிறது.

திருவனந்தபுரம் உங்களுக்குப் பக்கம்தானே? மியூசியம் வளாகத்தில் ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் இருக்கின்றன. நேரே நின்று பார்த்தபின், பக்கவாட்டிலும் நின்று பாருங்கள். எங்கே வண்ணம் மெலிந்திருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது என்பதை போன் திரை காட்டாது.

பாறசாலை ஜவுளி:
டீச்சர், தூரிகை அண்ணன், இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரம் போய் இரண்டு மணி நேரம் பார்த்தேன். வந்து நாலு உடைகளைச் சுரண்டி எடுத்தேன். மனசு பதைத்தது உண்மை. கடையிலிருந்த கறுப்புத் துண்டுகளைக் கேன்வாஸ் பக்கத்தில் தொங்கவிட்டு, அவற்றைப் பார்த்துப் பார்த்து வண்ணம் கலந்தேன். பணியாளின் தோள் இப்போது சுவரை விட்டுப் பிரிந்து தெரிகிறது. சிவப்பு விரிப்பை இன்னும் தொடவில்லை.