பினாங்கு, ஏழு நாள், ஏழு தலைப்பு: குடும்பத்தோடு போகும்போது முடியுமா?

தெப்பக்குளத்தான்

வணக்கம். ஞாயிறு காலையில் மதுரைப் பக்கம் யானைமலை, கீழக்குயில்குடி என்று கேமராவோடு சுற்றுகிற பத்துப் பன்னிரண்டு பேர் நாங்கள். யார் வெளிநாடு போனாலும் கையில் ஒரு சேலஞ்சைத் திணித்துத்தான் அனுப்புவோம். இப்போது என் முறை. அடுத்த மாதம் பினாங்கு. தலைப்புகள்: சிவப்பு, கதவு, கை, நிழல், எழுத்து, மழை, காத்திருப்பு. நாளுக்கு ஒன்று, அன்றைக்கு எடுத்ததை அன்று ராத்திரியே குரூப்பில் போட வேண்டும், கிராப் பண்ணக்கூடாது, அதாவது ஓரத்தை வெட்டக்கூடாது.

தனியாகப் போனால் கவலையே இல்லை. மனைவி, எட்டு வயது மகள், அம்மா எல்லாரும் வருகிறார்கள். போன வருடம் கொழும்பில் ஒரே ஒரு தலைப்புதான், 'சிவப்பு'. புறக்கோட்டையில் அந்தச் சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசலைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை, ஆட்டோ விலகட்டும், லாரி விலகட்டும் என்று உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன். எதிர்க் கடைப் படியில் உட்கார்ந்திருந்த மனைவி அன்று ராத்திரி வரைக்கும் பேசவில்லை. படமாவது தேறியதா என்றால் அதுவும் வெளிறிப்போய்விட்டது. இந்தத் தடவை எப்படிச் சமாளிப்பது?

நிழல்விரும்பி

அண்ணே, முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி, ஆனால் பினாங்கில் விடிவதே காலை ஏழு மணிக்கு மேல்தான். வீட்டார் எழுந்து குளித்துக் கிளம்ப எப்படியும் ஒன்பதரை ஆகும். ஏழரையிலிருந்து ஒன்பது வரை உங்களுடையது. அதற்குள் கிடைத்தால் கிடைத்தது, அப்புறம் கேமராவைப் பையில் போட்டுவிடுங்கள். (முதல் இரண்டு நாள் உடம்புக்கு அது விடிகாலை ஐந்து மணியாகத்தான் தெரியும், அலாரம் இரண்டு வையுங்கள்.)

இன்னொன்று, ஏசி ரூமிலிருந்து அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸ் பனி பூத்துவிடும். அங்கே காற்றில் அவ்வளவு ஈரம், நம்மூர் வெயில் மாதிரி வறட்சி இல்லை. ஜிப் கவரில் போட்டு மூடி, அரை மணி நேரம் வெளிச்சூடு ஏறிய பிறகு திறங்கள்.

'கை'க்குத் தே தாரிக், அதாவது அந்த ஊர் ஆற்றிய பால் டீ, போடுபவரை விட்டுவிடாதீர்கள். இங்கேயே ஏதாவது டீக்கடையில் பழகிக்கொள்ளலாம், ஆற்றும்போது ஷட்டர் வேகம் 1/30 நொடி வைத்தால் டீ ஒரே நூலாக விழும், 1/500 நொடி வைத்தால் துளித்துளியாக உடைந்து நிற்கும். எது வேண்டும் என்று போகும் முன்பே முடிவு செய்துவிட்டால் அங்கே போய்ப் பத்து நிமிடம் திண்டாட வேண்டியதில்லை.

சுண்ணாம்புக்காரத்தெரு

'எழுத்து' உங்களுக்கு மடியில் வந்து விழுந்த தலைப்பு. லிட்டில் இந்தியா பக்கம் போனால் நகைக்கடை, மளிகைக்கடைப் பலகையெல்லாம் தமிழ்தான். ஆனால் வெறும் பலகையை எடுத்துப் போட்டால் மாசி வீதியில் எடுத்ததா என்று கேட்பார்கள், தமிழும் மலாயும் சீனமும் ஒரே ஃபிரேமில் விழுகிற இடமாகப் பாருங்கள். சூலியா தெரு என்ற பெயரே தமிழ் முஸ்லிம்களை வைத்து வந்ததுதான். பக்கத்தில்தான் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், நம் ஆட்கள் 1801இல் எழுப்பியது. 'நிழலு'க்கு அதன் வளைவுகள் போதும்.

மல்லிச்சரம்

தம்பி, அந்தக் கடைப் படியில் உட்கார்ந்திருந்த ஆளின் பக்கத்திலிருந்து பேசுகிறேன், நானும் உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்குக் கோபம் போட்டோ எடுப்பதில் இல்லை. "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போவதில்தான். ஒரு மணி நேரம் ஆகும் என்றால் அதையே சொல்லுங்கள், நாங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு ஐஸ் கச்சாங் (துருவிய ஐஸில் செய்கிற இனிப்பு) சாப்பிட்டு வருவோம்.

ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓட்டுகிற இரண்டு பிள்ளைகளின் சுவரோவியம் இருக்கிறது, 2012இல் எர்னஸ்ட் ஸாக்கரெவிக் வரைந்தது. சுவரில் நிஜ சைக்கிளையே பதித்திருப்பார். அதன் முன்னால் நின்று படம் எடுக்க வரிசை நிற்கும். எல்லார் போனிலும் அதே படம். நீங்கள் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையை எடுங்கள், 'காத்திருப்பு' முடிந்தது. மகளுக்கும் ஒரு தலைப்பைக் கொடுங்கள். 'கதவு' அவள் உயரத்திலிருந்து வேறு மாதிரி இருக்கும்.

தெப்பக்குளத்தான்

அக்கா, உங்கள் பதிலை மனைவியிடம் அப்படியே காட்டினேன். "இவங்க யாரு, நம்பர் வாங்குங்க" என்கிறாள். காலை நேரம் என்னுடையது என்று ஒப்புக்கொண்டாள், அதுவும் ஒன்பது மணிக்கு இட்லியோ ரொட்டி சானாயோ (அந்த ஊர்ப் பரோட்டா) பார்சலோடு ரூம் கதவைத் தட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 'கதவை' மகள் எடுத்துக்கொண்டாள். நேற்றிலிருந்து வீட்டுப் பீரோக் கதவு வரை எடுத்து போன் மெமரி நிரம்பிவிட்டது.

இன்று காலை புதூரில் டீக்கடையில் 1/30 முயன்றேன். டீ நூலாக வந்தது, மாஸ்டர் முகம் கலங்கிவிட்டது. அண்ணே எனக்கு ஒரு காப்பி என்றார். நான் பிரிண்டைத்தான் கேட்கிறார் என்று தலையாட்டினேன், பில்லில் ஒரு காப்பி சேர்ந்திருந்தது.

'மழை'க்கு மட்டும் யாராவது யோசனை சொல்லுங்கள், அந்த நாளில் பெய்யாவிட்டால் என்ன செய்ய?

நிழல்விரும்பி

குரூப்பில் பேசி அந்த ஒரு தலைப்பை மட்டும் எந்த நாளிலும் எடுக்கலாம் என்று மாற்றிக்கொள்ளுங்கள் அண்ணே. அங்கே ஏழு நாளில் ஒரு சாயங்காலமாவது கொட்டும். கடை வீடுகளுக்கு முன்னால் ஐந்தடி நடை என்று கூரை போட்ட நடைபாதை நீளமாகப் போகும். அம்மாவை அதில் உட்கார வைத்துவிட்டு நனையாமலே எடுக்கலாம்.