பாதுகாப்புவாதமா, வணிகக்காப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

உள்நாட்டு விளைச்சலையும் ஆலைகளையும் வெளிநாட்டுச் சரக்கிடமிருந்து வரியாலும் தடையாலும் காக்கும் கொள்கைக்கு (protectionism) நம் கலைச்சொல் பட்டியலில் "பாதுகாப்புவாதம்" என்ற சொல்லை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இலங்கையில் பாதுகாப்பு என்றதும் அமைச்சும் சோதனைச்சாவடியும்தான் நினைவுக்கு வரும். ஐயா ஒருவர் "தொழிற்காப்பு" என்றார். எங்கள் தேயிலைத் தோட்ட மலையகத்தில் தொழில் என்றால் வேலை. எங்கள் தொழிற்சங்கக்காரர் அதை வேலை பறிபோகாத உறுதி என்றே படிப்பார். "காப்புவரி" நல்ல சொல்தான், ஆனால் வரி ஒரு கருவி மட்டுமே. 2020இல் மஞ்சள் இறக்குமதியே நிறுத்தப்பட்டதே, அதை வரி என்று எப்படிச் சொல்வது?

என் முன்மொழிவு: வணிகக்காப்பு. "வாதம்" வேண்டாம். அது பிடிவாதம்போல் ஒலிக்கிறது. கலைச்சொல் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மலைநாட்டு வெலிமடையில் உருளைக்கிழங்கு அறுவடை நெருங்கும்போது, இறக்குமதிக் கிழங்கின் மீது விசேட பண்ட வரியைக் கூட்ட மாட்டார்களா என்று விவசாயி காத்திருப்பார். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வரும் கிழங்கின் விலைக்கு அவரால் விற்க முடியாது. சரிவு நிலம், சிறிய பாத்தி, நெதர்லாந்து போன்ற நாடுகளிலிருந்து வரும் விதைக்கிழங்கின் செலவு. அதே மலையில், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், வாழ்ந்து கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ அந்த வரி இரவுச் சாப்பாட்டின் விலை. அவர் பறிக்கும் தேயிலையில் பெரும்பகுதி கப்பலேறுகிறது. பிற நாடுகள் கதவைச் சாத்தினால் அவருக்குப் பேர் போடுவது, அதாவது நாள் வேலை கிடைப்பது, நின்றுவிடும். ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பளவில் மலிவாக வருவதைச் செய்து மற்றதை வாங்கினால் எல்லோருக்கும் ஆதாயம் என்ற ஒப்பீட்டு நன்மை பற்றி 1817இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் ரிக்கார்டோ எழுதியது அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறது.

ஜெர்மானியப் பொருளியலாளர் பிரீட்ரிக் லிஸ்ட் 1841இல் மறுபக்கத்தை எழுதினார்: இளந்தொழில்கள் காலூன்றும் வரை காப்பு வேண்டும். அதையும் ஆலைகளுக்குத்தான் கேட்டார், பயிர்களுக்கு அல்ல. வெலிமடைக்காக அவரைத் துணைக்கு அழைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனாலும் அந்த வரியை ஒரே இரவில் எடுப்பதை நான் எதிர்ப்பேன். கடன் வாங்கி நட்டவர் அடுத்த போகத்துக்குள் வேறு எதற்கு மாறுவார்?

"காப்பு" என்ற சொல்லை நான் விடாமல் பிடிப்பதற்குக் காரணம் எங்கள் மாரியம்மன் திருவிழா. காப்புக் கட்டியவர் விரதம் காக்க வேண்டும். திருவிழா முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். லிஸ்ட் கேட்ட காலவரையறை இச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கட்டிய காப்பை யாரும் அவிழ்ப்பதில்லை, விரதமும் இருப்பதில்லை என்ற எதிர்த்தரப்பின் மிக வலுவான குற்றச்சாட்டையும் இதே சொல்லால் சொல்லலாம். ஆகவே காப்பை விலக்கும் நடவடிக்கைக்குக் "காப்பவிழ்ப்பு" என்பதையும் பட்டியலில் சேர்க்கக் கேட்கிறேன்.

இவ்வளவுக்கு மேல் இறக்குமதி கூடாது என்னும் கோட்டாவுக்கு (quota) "அளவுவரம்பு" போதுமா? யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்லுங்கள். அங்கே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் 1970களில் இந்தக் காப்பு இருந்தது.