ஹெல்த் செக் ஃபெயில்: கெட்டது பேக்கப்பா, பத்தாதது ரேமா? உங்க அனுபவம் சொல்லுங்க

பனியன்சர்வர், திருப்பூர்
நாலு வருசம் ஆச்சு, இன்னும் உறுத்துதுங்க. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை ராத்திரி. விஎம் (சர்வருக்குள்ள ஓடற மெய்நிகர் கம்ப்யூட்டர்) பேக்கப் முடிஞ்சு, அது கெடாம இருக்கான்னு பாக்கற ஹெல்த் செக் ஓடுது, 62 சதவீதத்துல சிவப்பு. மறுக்கா ஓட்டினேன், 41. இன்னொருக்கா, 70. மொதலாளி முதுகுக்குப் பின்னாடியே நின்னுட்டு, "கெட்டுப்போனத வச்சு என்ன தம்பி பண்றது?"ன்னாரு. செயின் (பழைய முழு பேக்கப்பும், அதுக்கப்பறம் மாறினத மட்டும் எடுத்த பேக்கப்புகளும்) மொத்தத்தையும் அழிச்சுப்போட்டு புதுசா ஃபுல், அதாவது முழு பேக்கப், எடுத்தேன். அதுக்கும் செக் ஃபெயில்! அப்பத்தான் சாஃப்ட்வேர் எழுதி வைக்கற லாக்கைக் கடைசி வரைக்கும் படிச்சேன். 'நாட் எனஃப் மெமரி'. பேக்கப் பெட்டில இருந்தது 8 ஜிபி. பத்து நாள் கழிச்சு மெர்ச்சண்டைசர் புள்ள வந்து, "அண்ணா, போன மாசக் காஸ்டிங் ஷீட் அழிஞ்சிருச்சு, பேக்கப்ல இருந்து எடுத்துக் குடுங்க"ங்குது.

ஸ்பின்னிங்மில், கோவை
ஒவ்வொருக்கா ஒவ்வொரு எடத்துல நின்னப்பவே சந்தேகம் வந்திருக்கோணுமுங்க. டிஸ்க்குல பிளாக் (டேட்டாத் துண்டு) கெட்டிருந்தா, எத்தன தடவை ஓட்டினாலும் பெரும்பாலும் அதே ஃபைல்லதான் மாட்டும். என்றது லினக்ஸ் பெட்டி. செக் சத்தமே இல்லாம செத்துப்போகும், சாஃப்ட்வேர்ல ஒரு வரி இருக்காது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னல் லாக்கைத் தொறந்தா 'அவுட் ஆஃப் மெமரி, கில்டு பிராசஸ்'. கொன்னது ஆப்பரேட்டிங் சிஸ்டம், பழி பேக்கப்புக்கு.

மஞ்சமண்டி, ஈரோடு
எனக்கும் ஒருக்கா ஆச்சு, 16 ஜிபி சேர்த்தேன், சரியாப் போச்சு. விசயம் அதில்லைங்க. செக்குங்கறது ஒவ்வொரு பிளாக்கையும் படிச்சு, ஹாஷ் (பிளாக்கோட கைரேகை மாதிரி ஒரு எண்) போட்டு, முன்னாடி எழுதி வச்ச ஹாஷோட ஒத்துப் பாக்கறது. அந்தப் பட்டியல் ரேமுல ஏறோணும். 2 டிபியை 1 எம்பி பிளாக்கா வெட்டினா 21 லட்சம் துண்டு. எடம் மிச்சமாகுதுன்னு எவனாச்சும் 256 கேபி வச்சிருந்தா 84 லட்சம்! செட்டிங்கை மாத்தினா மட்டும் பத்தாது, அடுத்த ஃபுல் எடுத்தாத்தான் புது அளவு ஏறும். அப்பறம் செக்கை மத்த ஜாப் ஓடாத நேரத்துக்குத் தள்ளுங்க. ஒரே நேரத்துல ஓடற ஜாபைக் கொறைங்க. பேஜ் ஃபைலை (ரேம் பத்தாதப்ப டிஸ்க்குல எடுத்துக்கற எடம்) யாராச்சும் சின்னதா கட்டிப்போட்டிருக்காங்களான்னு பாருங்க. ஆன்டிவைரஸ் எவ்வளவு தின்னுதுன்னும் பாருங்க.

பஸ்பாடி, கரூர்
அண்ணா, அவரு அனுபவம் கேட்டாருங், நீங்க கிளாஸ் எடுக்கறீங்க.
நம்முளுது வேற. பேக்கப்ல இருந்து விஎம்மைப் பூட் பண்ணிப் பாக்கற டெஸ்ட்டு. விஎம்முக்கு 16 ஜிபி குடுத்திருக்கு, அதை ஓட்டற ஹோஸ்ட் பெட்டில காலி 6. ஆன் ஆகவே இல்ல. ரிப்போர்ட்ல என்னமோ பேக்கப்பே செல்லாத மாதிரி 'ஃபெயில்டு'. ஆடிட்டர் அந்த ஒத்தை வார்த்தையைப் புடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் விடல.
பனியன்சர்வர் அண்ணா, ஒரு சந்தேகம். அழிச்சதுக்கப்பறம் பழசு நல்லாத்தான் இருந்துச்சுன்னு எப்புடிங் தெரியும்?

பனியன்சர்வர், திருப்பூர்
நிரூபிக்க முடியாதுங்க, அழிச்சாச்சே. ஆனா அதுக்கு முந்தின மாசம் வரைக்கும் அதே செயின் செக்குல பாஸ். 32 ஜிபி போட்டதும், அதே டிஸ்க்குல இருந்த புது ஃபுல் ஒரே ஓட்டத்துல பாஸ். வேறென்ன நெனைக்கறது?

ஸ்பின்னிங்மில், கோவை
அந்த ஷீட் என்னாச்சுங்க?

பனியன்சர்வர், திருப்பூர்
அந்தப் புள்ள பழைய மெயிலெல்லாம் தோண்டி, மூணு நாள் உக்காந்து திரும்ப அடிச்சுது. சர்வர் கோளாறுன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அப்புடித்தான் நெனச்சுட்டிருக்குது.