புதுப்பிப்பு: தேனிப் பக்கம் மலையேற்றத் தொழில்

தேனியில் மலையேற்றம் நடத்தும் சிறு நிறுவனம் தொடங்க என்னென்ன வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். "முதல்ல வனத்துறை அனுமதியைப் பாருங்க, லோகோ எல்லாம் அப்புறம்" என்று பலர் சொன்னீர்கள். நன்றி, சரியான இடத்தில் தொடங்க வைத்தீர்கள்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போன 23 பேர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் யாரையும் கூட்டிப்போக முடியாது. கூடாது என்பதுதான் என் கருத்தும். 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு, கூடவே உள்ளூர் வழிகாட்டி. அதோடு போட்டி போடுவதில் அர்த்தமில்லை. அந்தப் பாதைகளுக்கு வருபவர்களுக்கு வண்டி, தங்குமிடம், சாப்பாடு, முன்பயிற்சி என்று என் திட்டத்தை மாற்றிவிட்டேன்.

கணக்கில் முக்கியமான ஒன்று: தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களின் வருமானத்தைச் சுழியம் என்றே எழுதுங்கள்.

இப்போது முதலுதவி படிக்கிறேன். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே போகவேண்டும். வண்டி ஓட்டுநருக்கும் இது தெரிந்திருக்கவேண்டும்.

அடுத்தது விபத்துக் காப்பீடு. குழுவாக எடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.