வைட் ரிசீவர் வரிசை: 2024 சீசனில் சின்சினாட்டியா, பிலடெல்பியாவா?

கேள்வி (வடகரை):
அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் அணிகளின் வைட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) வரிசைகளை ஒப்பிட எதை அளவுகோலாகக் கொள்வது? 2024 சீசனில் சின்சினாட்டி பெங்கால்ஸின் ஜமார் சேஸ் 127 பாஸ்களைப் பிடித்து, 1,708 யார்டுகளும் (பந்தை முன்னேற்றிய தூரம்) 17 டச் டவுன்களும் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பது) எடுத்து, மூன்றிலும் லீக்கிலேயே முதலிடம் பெற்றார். உடன் ஆடிய டீ ஹிக்கின்ஸ் 12 ஆட்டங்களிலேயே 911 யார்டுகள் சேர்த்தார். பிலடெல்பியா ஈகிள்ஸின் ஏ.ஜே. பிரவுன் எடுத்தது 1,079 யார்டுகள், டெவான்டா ஸ்மித் 833. ஆயினும் பெங்கால்ஸ் பிளே ஆஃப் சுற்றை எட்டவில்லை. ஈகிள்ஸ் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையே வென்றது. எந்த இணையைச் சிறந்தது என்பீர்கள்?

பதில் 1 (கணக்கன்):
மொத்த யார்டுகளைக் கூட்டிப் பார்ப்பது ரிசீவர்களை விட அணியின் ஆட்டமுறையைத்தான் அதிகம் காட்டும். பெங்கால்ஸில் பாஸ் எறியும் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ அந்த சீசனில் 652 பாஸ்கள் எறிந்தார். சாக்வான் பார்க்லி பந்தை ஏந்தி 2,005 யார்டுகள் ஓடிக் குவித்த ஈகிள்ஸ் அணியோ மொத்தமாகவே ஏறத்தாழ 450 பாஸ்கள்தான் எறிந்தது. எனவே இணையின் யார்டுகளை அணி எறிந்த பாஸ்களால் வகுத்துப் பாருங்கள். பெங்கால்ஸ் இணைக்குப் பாஸ் ஒன்றுக்கு 4.0 யார்டு, ஈகிள்ஸ் இணைக்கு 4.2 யார்டுக்குச் சற்று மேல். இத்தனைக்கும் பிரவுன், ஸ்மித் இருவருமே ஆளுக்கு நான்கு ஆட்டங்களில் களமிறங்கவில்லை.

பதில் 2 (மேற்குவாசல்):
கணக்கு சரிதான், ஆனால் குறைவாக எறியும் அணிக்கு ஒவ்வொரு பாஸும் சற்று எளிதாகவே அமையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பார்க்லியைத் தடுக்க எதிரணி ஆட்களை முன்னே குவிக்கும்போது பின்னால் இடம் திறந்துவிடுகிறது. சூப்பர் பவுலில் நடந்ததும் அதுவே: கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் பார்க்லியை 57 யார்டுகளுக்குள் கட்டிப்போட்டது, பிரவுன் ஒரு டச் டவுன் எடுத்தார், ஸ்மித் 46 யார்டு பாஸில் இன்னொன்று எடுத்தார், ஆட்டம் 40-22 என முடிந்தது.

சேஸுக்கு அத்தகைய துணை இருக்கவில்லை. 2024 நவம்பர் 7 அன்று பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஹிக்கின்ஸ் காயத்தால் ஆடவில்லை. பாஸ் யாருக்குப் போகும் என்பது எதிரணிக்குத் தெரிந்திருந்தும், சேஸ் 264 யார்டுகளும் மூன்று டச் டவுன்களும் எடுத்தார். கடைசி டச் டவுனுக்குப் பின் ஒரு புள்ளி தரும் உதையால் சமன் செய்யாமல் வெற்றிக்காகவே முயன்ற இரண்டு புள்ளி ஆட்டம் பலிக்காமல், பெங்கால்ஸ் 35-34 என்று தோற்றது. அக்டோபரில் இதே எதிரணியிடம் கூடுதல் நேரத்தில் 41-38 எனத் தோற்றிருந்தது. 38 புள்ளி எடுத்தும் தோற்கும் அணியின் குறையை ரிசீவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. அது தடுப்பாட்டத்தின் குறை. பயிற்சியாளர் குழுவில் தடுப்பாட்டப் பொறுப்பாளர்தான் சீசன் முடிந்ததும் நீக்கப்பட்டார்.

பதில் 3 (மூன்றாமவர்):
நீங்கள் மூவருமே இணையைப் பற்றிப் பேசுகிறீர்கள். கேள்வியோ வரிசையைப் பற்றியது. மூன்றாவது ரிசீவரையும் எண்ணினால் இரு அணிகளுமே மெலிந்துவிடுகின்றன, அதிலும் ஈகிள்ஸின் ஜஹான் டாட்சன் சீசன் முழுவதும் எடுத்தது 216 யார்டுகள்தான். முழுமையான வரிசை என்றால் எனக்கு 2008 அரிசோனா கார்டினல்ஸ்தான் நினைவுக்கு வரும்: லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட், அன்குவான் போல்டின், ஸ்டீவ் பிரெஸ்டன் மூவரும் ஆளுக்கு ஆயிரம் யார்டுகளைத் தாண்டினார்கள்.

வடகரை:
விளக்கங்களுக்கு நன்றி. 2025 மார்ச்சில் பெங்கால்ஸ் சேஸுக்கு 16.1 கோடி டாலரும் ஹிக்கின்ஸுக்கு 11.5 கோடி டாலரும் என ஒப்பந்தம் போட்ட பிறகு, மூன்றாவது ரிசீவருக்கும் தடுப்பாட்டத்துக்கும் அவர்களிடம் எவ்வளவு மிஞ்சும்?

பதில் 2 (மேற்குவாசல்):
ஒப்பந்தங்கள் நான்காண்டுக்கானவை, அணிகள் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு ஆண்டுதோறும் உயர்ந்தாலும், மூன்றாமிடத்துக்கு டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறை) கிடைக்கும் மலிவான இளைஞர்களைத்தான் நம்ப வேண்டியிருக்கும். ஆறு டச் டவுன்கள் எடுத்த ஆந்த்ரே யோசிவாஸ் அப்படி ஆறாம் சுற்றில் வந்தவர்தான்.