மாத்திரைக்கு அடங்காத கை வெட்டிழுப்பு: மூளை அழற்சியால் வரும் வலிப்பாக இருக்குமா?

கேள்வி: வைகைக்கரை

என் தந்தைக்கு வயது 64. ஏழு வாரங்களாக அவருடைய வலது கை திடீரென்று முழங்கையில் மடங்கி உள்நோக்கி இழுத்துக்கொள்கிறது. அதே நொடியில் வாயின் வலது ஓரமும் கோணுகிறது. இரண்டு நொடிக்கு மேல் நீடிப்பதில்லை. காபி டம்ளரைப் பிடித்திருக்கும்போது வந்தால் காபி முழுவதும் வேட்டியில்தான். நினைவு தப்புவதில்லை, துண்டால் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை முதல் இரவு வரை ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன்: 43 முறை.

முதலில் பார்த்த மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. இரண்டும் இயல்பாக இருப்பதால் இது மனப் பதற்றமாக இருக்கலாம் என்றார்கள். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் வலிப்பு என்று கருதி ஆக்ஸ்கார்பஸெபைன் கொடுத்திருக்கிறார். மூன்று வாரமாகியும் எண்ணிக்கை குறையவில்லை. இரத்தத்தில் சோடியம் 126 என்று வந்திருக்கிறது. பால்காரர் வந்துபோய்விட்டாரா என்று ஒரே காலையில் மூன்று முறை கேட்கிறார். முன்பெல்லாம் அப்படிக் கேட்பவர் அல்லர். உடலின் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்கினால் இப்படி வலிப்பு வரும் என்று எங்கோ படித்தேன். அது எப்படி நிகழ்கிறது, அப்பாவுக்கு அதுவாக இருக்க வாய்ப்புண்டா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். அவருக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு.

மறுமொழி 1: நரம்பியல் பணியாளன்

அம்மா, நான் நரம்பியல் மருத்துவன். நோயாளியைப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையாகாது. ஆனால் நீங்கள் எழுதியவற்றை எங்கள் துறையினர் யார் படித்தாலும் அவர்கள் மனத்தில் முதலில் எழும் சொல் எல்ஜிஐ1 என்பதுதான்; அந்தப் பெயருள்ள மூளைப் புரதத்தை எதிர்ப்பாற்றல் தாக்குவதால் வரும் மூளை அழற்சி அது. ஒரே பக்கத்து முகமும் கையும் சேர்ந்து ஓரிரு நொடி இழுப்பது, ஒரு நாளில் பல பத்து முறை வருவது, சோடியம் குறைவது, ஐம்பதைத் தாண்டிய வயது, நினைவில் மெல்லிய சறுக்கல் ஆகிய அனைத்தும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இந்த வெட்டிழுப்புகளை ஒரு தனி வகையாக அடையாளங்கண்டு 2011இல் ஆக்ஸ்ஃபோர்டின் சரோஷ் இரானியும் உடனிருந்தோரும் எழுதினார்கள். தலைக்கு மேல் வைக்கும் இ.இ.ஜி.யில் பெரும்பாலும் இது பதிவாவதில்லை, தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ.யும் சுத்தமாக இருக்கலாம். ஆகவே அவ்விரண்டும் இயல்பு என்பதை மட்டும் வைத்து மனப் பதற்றம் என்று முடிவு கட்டியது அவசரம் என்றே நினைக்கிறேன்.

எப்படி வலிப்பு வருகிறது என்று கேட்டீர்கள். எல்ஜிஐ1 என்பது நரம்பணுக்கள் சுரக்கும் ஒரு புரதம். இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடுக்கில் இருந்துகொண்டு, இந்தப் பக்கத்து ஏடிஏஎம்23, அந்தப் பக்கத்து ஏடிஏஎம்22 என்ற இரு புரதங்களையும் சேர்த்துக் கட்டும் கயிறுபோல அது செயல்படுகிறது. அந்தக் கட்டு உறுதியாக இருந்தால்தான் பொட்டாசியம் வாயில்கள் தத்தம் இடத்தில் போதிய அளவில் நிற்கும். ஒரு நரம்பணு துடித்து முடித்ததும் அதை அடக்கி அமர்த்துபவை அந்த வாயில்களே. எதிர்ப்பாற்றல் வழிதவறி எல்ஜிஐ1க்கு எதிராக ஆன்டிபாடிகளை (கிருமிகளைப் பிடிக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்களை) உண்டாக்கும்போது கயிறு அவிழ்கிறது, வாயில்கள் குறைகின்றன, தடை இல்லாத நரம்பணுக்கள் கூட்டமாகத் துடிக்கின்றன. (2010 வரை பொட்டாசியம் வாயிலையே ஆன்டிபாடி தாக்குவதாக எண்ணியிருந்தோம், உண்மையான இலக்கு பக்கத்தில் இருந்த இந்தப் புரதம் என்று பிறகுதான் தெரிந்தது.) உடலின் நீர், உப்பு அளவைச் சீராக வைக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸிலும் இதே புரதம் இருப்பதுதான் சோடியம் குறைவதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸிலும் அது மிகுதியாக உள்ளது. பால்காரரைப் பற்றிய கேள்வி என்னை உறுத்துவது அதனால்தான்.

வலிப்பு மாத்திரைகள் துடிப்பைத் தணிக்க முயல்கின்றனவே தவிர ஆன்டிபாடியைத் தொடுவதில்லை. 2018இல் வெளியான 103 நோயாளிகளின் ஆய்வில், வலிப்பு மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேருக்குத்தான் 30 நாளில் வெட்டிழுப்பு நின்றது. எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் சிகிச்சையைச் சேர்த்தபோது பாதிப்பேருக்கு நின்றது. வெட்டிழுப்பை விரைவில் நிறுத்தியவர்களுக்கு நினைவாற்றல் கெடாமல் காக்கப்பட்டது என்பதே அந்த ஆய்வில் எனக்கு முதன்மையாகப் படுகிறது.

இன்னொன்று: ஆக்ஸ்கார்பஸெபைன் தானே சோடியத்தைக் குறைக்கும் மருந்து. மாத்திரைக்கு முன்பே சோடியம் குறைவாக இருந்ததா என்று பழைய சீட்டுகளில் பாருங்கள். ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; 126 என்ற அளவுடன் மருத்துவரிடம் நாளைக்கே பேசுங்கள்.

மறுமொழி 2: செம்மண்

எங்கள் வீட்டிலும் இதே வகையைச் சேர்ந்த நோய் ஒன்று வந்துபோனது. ஆனால் அறிகுறிகள் முற்றிலும் வேறு. என் தங்கைக்கு அப்போது வயது 19. முதலில் பத்து நாள் தூக்கமே இல்லை. பிறகு யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிச் சுவரோடு பேசினாள். வீட்டில் மந்திரிக்க அழைத்துப் போனார்கள், மனநல மருத்துவரிடமும் போனோம். மூன்றாவது வாரம் முதல் வலிப்பு வந்து, அதன் பின் உதடு ஓயாமல் மென்றுகொண்டே இருந்தது. முதுகுத் தண்டுநீரில் என்எம்டிஏ ஏற்பிக்கு (நரம்பணுக்கள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தி வாங்கும் ஒரு புரதத்துக்கு) எதிரான ஆன்டிபாடி இருந்தது. வயிற்றை ஸ்கேன் செய்தபோது சினைப்பையில் டெரட்டோமா கட்டி இருந்தது. அந்தக் கட்டிக்குள் நரம்புத் திசு இருக்கும் என்றும், அதைப் பகையென்று எண்ணிய எதிர்ப்பாற்றல் மூளையிலுள்ள அதே ஏற்பியையும் பிடித்துக்கொண்டது என்றும் மருத்துவர் விளக்கினார். 2007இல் ஜோசப் டால்மாவ் குழு இந்த நோயை இன்னதென்று காட்டியபோது அவர்கள் எழுதிய 12 பேரும் இத்தகைய கட்டி உடைய பெண்களே என்பதைப் பின்னர் படித்தேன். கட்டியை எடுத்து, ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்த பின் எழுந்து உட்கார இரண்டு மாதமாயிற்று. இப்போது அவள் கல்லூரியை முடித்துவிட்டாள்.

மறுமொழி 3: பழுப்புநிறக் குடை

சற்றே தள்ளிய செய்திதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பெர்லின் விலங்குக் காட்சிசாலையில் 2011 மார்ச்சில் வலிப்பு வந்து குளத்தில் விழுந்து மூழ்கி இறந்த க்னூட் என்ற பனிக்கரடிக்கும் இந்த என்எம்டிஏ வகைதான் இருந்தது என்று 2015இல் கண்டறிந்தார்கள்.

வைகைக்கரை (மீண்டும்)

பழைய சீட்டைப் பார்த்தேன். மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய வாரமே சோடியம் 129. இரண்டு ஐயங்கள் உள்ளன. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமா? இதுதான் நோய் என்றால் அப்பா ஆயுள் முழுவதும் வலிப்பு மாத்திரை எடுக்க வேண்டுமா?

நரம்பியல் பணியாளன்

அந்த 129 மிகப் பயனுள்ள தகவல்; அதை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்ஜிஐ1 ஆன்டிபாடியை முதலில் இரத்தத்திலேயே தேடலாம். தண்டுநீரில் அது சில வேளை அகப்படாது. செம்மண் சொன்ன என்எம்டிஏ வகையில் இதற்கு நேர்மாறாகத் தண்டுநீர்தான் நம்பகமானது.

சர்க்கரை இருப்பதால் ஸ்டீராய்டே கூடாது என்பதில்லை. மருத்துவமனையில் வைத்து நாளொன்றுக்கு 1 கிராம் மெத்தில்பிரெட்னிசலோன் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் ஏற்றுவது வழக்கம். அந்நாட்களில் சர்க்கரை ஏறும், இன்சுலின் தேவைப்படும், இரவிலும் சோதிக்க வேண்டியிருக்கும். அது இயலாது எனில் இம்யூனோகுளோபுலின் (பிறர் இரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகளை ஏற்றுவது), பிளாஸ்மா மாற்று (இரத்தத்தின் நீர்ப்பகுதியை ஆன்டிபாடியோடு நீக்குவது) ஆகிய வழிகள் உண்டு, செலவு கூடுதல்.

ஆயுள் முழுவதுமா என்ற கேள்விக்கு விடை, எந்த ஆன்டிபாடி என்பதைப் பொறுத்தது. உலக வலிப்புநோய் எதிர்ப்புக் கழகத்தின் பணிக்குழு 2020இல் இதைத் தெளிவாகவே பிரித்தது: அழற்சி மும்முரமாக இருக்கும்போது மட்டும் வரும் வலிப்பு வேறு, அழற்சி விட்டுச்சென்ற தழும்பால் நிலைத்துவிடும் வலிப்புநோய் வேறு. எல்ஜிஐ1, என்எம்டிஏ போன்று நரம்பணுவின் வெளிப்புறத்தைத் தாக்கும் ஆன்டிபாடிகள் உடையவர்களில் பெரும்பாலோர் முதல் வகையினர். நோய் அடங்கியபின் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திவிட முடிகிறது. நரம்பணுவுக்குள் இருக்கும் புரதத்தை எதிர்க்கும் ஜிஏடி65 வகையிலும், டி-அணுக்கள் என்ற வெள்ளை இரத்த அணுக்கள் மூளையின் ஒரு பாதியையே அரித்துவிடும் ராஸ்முசென் நோயிலும் வலிப்பு பெரும்பாலும் தங்கிவிடுகிறது. அப்பாவின் அறிகுறிகள் அந்தப் பக்கம் போகவில்லை. ஆயினும் எல்ஜிஐ1 சிலருக்குத் திரும்பி வருவதுண்டு. எனவே சிகிச்சைக்குப் பின் கை மறுபடி ஒருமுறை வெட்டினாலும் தெரிவிக்கச் சொல்வோம்.

மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டுடன் கைப்பேசிப் பதிவும் கொண்டுபோங்கள். வெட்டிழுப்பு வந்தபின் எடுக்க முயன்றால் அதற்குள் முடிந்துவிடும். அப்பா சாப்பிட உட்காரும்போது எதிரே கைப்பேசியைச் சாய்த்துவைத்து, முகமும் இரு கைகளும் சட்டத்துக்குள் இருக்கும்படி அரைமணி நேரம் ஓடவிடுங்கள்.