கீரப்பாளையம் ஒன்றியத்தில் 80 சென்ட் நஞ்சை: நெல் குடோனுக்கு அனுமதி கிடைக்குமா?

வயலோரம்:
சிதம்பரம் பக்கம், ஒரே சர்வே எண்ணில் 80 சென்ட் நஞ்சை. தார் ரோட்டுக்கும் நிலத்துக்கும் நடுவுல பாசன வாய்க்கால். நெல் மூட்டை அடுக்க குடோன் கட்டணும். வேளாண் மண்டலம், எதுவும் கட்டக் கூடாதுங்கிறாங்க. உண்மையா?

கோப்புக்கட்டு:
பாதிதான் உண்மை. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் (2020) கடலூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் வருது: காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி. ஆனா அது தடுப்பது எண்ணெய், எரிவாயுக் கிணறு, தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை மாதிரி அட்டவணையில் உள்ள தொழில்களைத்தான். நெல் குடோன் அதில் இல்லை.

நீங்க கவனிக்க வேண்டியது 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவு. மாஸ்டர் பிளான் இல்லாத ஊரில் விளைநிலத்தை மாற்ற ஊராட்சித் தீர்மானம் மட்டும் போதாது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) இசைவு வேணும். நஞ்சைன்னா கலெக்டர் இசைவும் வேணும். இது நிலப் பயன்பாட்டு மாற்றம் மட்டும்தான். கட்டடத்துக்குத் தனியா திட்ட அனுமதி வாங்கணும். ஒண்ணு வந்ததுமே அஸ்திவாரம் தோண்டிடாதீங்க.

அளவுச்சங்கிலி:
மனு போடும் முன்னாடி பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), எஃப்எம்பி (புல அளவுப் படம்), கிரயப் பத்திரம் நாலையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பட்டாவில் 0.32.50 ஹெக்டேர்னு இருந்தா 3,250 சதுர மீட்டர். சென்ட்டுக்கு 40.47 வீதம் வகுத்தா 80.3 சென்ட். பத்திரத்தில் 84 சென்ட்னு எழுதியிருந்தா 3.7 சென்ட் இடிக்கும், கோப்பு அங்கேயே நிக்கும். கூட்டுப் பட்டான்னா முதல்ல உட்பிரிவு செஞ்சு தனிப்பட்டா வாங்குங்க. வில்லங்கச் சான்றும் புதுசா எடுங்க.

மடைவாய்:
எனக்குப் பெரிய கவலை அந்த வாய்க்கால்தான். எஃப்எம்பியில் அது தனி எண்ணில் வாய்க்கால் புறம்போக்கா இருந்தா, ரோடு கண்ணெதிரே இருந்தாலும் உங்க நிலத்துக்குச் சட்டப்படி வழி இல்லை. நீர்வளத் துறையிடம் சிறுபாலத்துக்கு முதல்ல அனுமதி கேளுங்க. நாலு சிமெண்ட் குழாயைப் போட்டு மண் மூடுறது வேண்டாம். ஐப்பசி மழையில் குழாய் அடைச்சா மேல்மடை வயல் முழுக்க முழுகும், புகாரும் வரும்.

வயலோரம்:
இப்போதைக்கு மண்ணாவது அடிச்சு மேடாக்கலாமா அண்ணா? இலவச கரண்ட் போர் ஒண்ணும் உள்ளே இருக்கு.

மடைவாய்:
வேண்டாம் தம்பி. ஆய்வுக்கு வர்றவங்க பக்கத்து வயல் மட்டத்தையும் வடிகால் போக்கையும் பார்ப்பாங்க. மேடாக்கிட்டா அனுமதிக்கு முன்னாடியே மாத்திட்டதா எழுதுவாங்க. போர் கரண்ட்டில் குடோன் பல்பு ஒண்ணுகூட எரியக் கூடாது; குடோனுக்குத் தனி இணைப்பு வாங்குங்க.